திருப்பீடத்தின் மீது வழக்குப் போட முடியுமா?

ஒரு வாசகர் கேட்டது:

"வாடிகன் ஒரு நாடு, ஆகவே வேறெந்த நாட்டு நீதிமன்றமும் அதைக் கூப்பிட முடியாது என்கிறார்கள். கோயிலுக்கோ மசூதிக்கோ மடத்துக்கோ இல்லாத காப்பு ஒரு திருச்சபைக்கு மட்டும் எப்படி வந்தது? ஒரு மத நிறுவனத்துக்கு நாட்டுக்குரிய காப்பு இருக்கலாமா?"

ஜூன் 1, இரவு

இருக்கக் கூடாது. நான் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிற கத்தோலிக்கன். அதனாலேயே இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

பொதுவாக, ஒரு நாட்டைப் பிரதிவாதியாக்கி இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. இதற்குப் பெயர் இறையாண்மை விலக்குரிமை. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் 86-ஆவது பிரிவாக இருக்கிறது: மத்திய அரசு எழுத்தில் சம்மதம் தராமல் அயல்நாட்டு அரசின் மீது வழக்குப் போட முடியாது. வாடிகன் நகரம் 44 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் 109. வசிப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. 1929 பிப்ரவரி 11 அன்று இத்தாலியின் முசோலினியும் பாப்பரசரின் சார்பில் கர்தினால் காஸ்பாரியும் கையெழுத்துப் போட்ட லாத்தரன் ஒப்பந்தத்தில் பிறந்த நாடு அது. ஒரு சர்வாதிகாரியோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, எந்த மூலையிலிருந்தோ நியாயம் கேட்டு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூன் 2, காலை

நேற்று எழுதியதில் பாதி தவறு. இரவெல்லாம் உறுத்தியது.

1929 ஒப்பந்தம்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்பதுபோல் எழுதிவிட்டேன். 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமுக்குள் புகுந்தது. பாப்பரசரின் ஆட்சி நிலம் அன்றோடு போனது. அதற்குப் பிறகு 58 வருஷத்துக்கும் மேலாக அவருக்குச் சொந்த நாடு கிடையாது. ஆனாலும் பல நாடுகள் அவரிடம் தூதர்களை அனுப்பிக்கொண்டுதான் இருந்தன, அவரிடமிருந்து தூதர்களை ஏற்றுக்கொண்டுதான் இருந்தன. உலக நாடுகள் அங்கீகரித்தது 109 ஏக்கரை அல்ல; திருப்பீடத்தை, அதாவது பாப்பரசரும் அவருடைய மைய நிர்வாகமும் சேர்ந்த அமைப்பை. 1948-இல் இந்தியா தூதரக உறவு வைத்ததும் திருப்பீடத்தோடுதான். 1964 முதல் ஐ.நா.வில் நிரந்தரப் பார்வையாளர் இடமும் திருப்பீடத்தின் பெயரில்தான்.

ஆக, "சின்ன நாடு, பொம்மை நாடு" என்ற வாதத்தை நான் விட்டுவிடுகிறேன். அதைவிட்டால் கேள்வி இன்னும் கனமாகிறது. நிலத்துக்காக வந்த காப்பு என்றால் சுவருக்கு உள்ளே நடப்பதோடு அது முடிந்துவிடும். திருப்பீடம் என்பது உலகம் முழுக்க இருக்கிற திருச்சபையின் தலைமை அலுவலகம். அதற்கே காப்பு என்றால் எல்லை எங்கே?

ஜூன் 2, மதியம்

நிலமில்லாத இறையாண்மைக்கு வேறு உதாரணம் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. மால்டா வீரத்துறவியர் சபை. 1798-இல் நெப்போலியன் மால்டாத் தீவைப் பிடித்ததிலிருந்து அவர்களுக்கு நாடு இல்லை. இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளோடு தூதரக உறவு இருக்கிறது.

ஜூன் 5

இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் 31 வருஷம் தொழிலாளர் வழக்குகள் நடத்தியவன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள்தான் பெரும்பாலும் என் கட்சிக்காரர்கள். எங்கள் வழக்கில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இவருக்கு முதலாளி யார்? உப்பளக்காரர், "அவர் கங்காணியின் ஆள், எனக்குத் தெரியாது" என்பார். கங்காணியோ, "நானே கூலிக்காரன்" என்பார். 1956-இல் சௌராஷ்டிர உப்பளத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு உரைகல்லைத் தந்தது. என்ன வேலை என்று மட்டுமல்ல, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்றும் கட்டளையிடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பார். அந்த ஒரு தீர்ப்பை வைத்து எத்தனையோ குடும்பங்களுக்கு நிலுவைச் சம்பளம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கண்ணோடுதான் அமெரிக்காவின் ஓரிகன் வழக்கைப் படித்தேன். ஒரு துறவற சபைக் குரு. அயர்லாந்தில் இருந்தபோதே சிறுவனிடம் தவறாக நடந்ததை ஒப்புக்கொண்டவர். அங்கிருந்து சிகாகோவுக்கு மாற்றினார்கள், அங்கேயும் அதே. அங்கிருந்து ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்துக்கு மாற்றினார்கள். அங்கே 1960-களின் நடுவில் அவரிடம் பாதிக்கப்பட்ட சிறுவன், வளர்ந்து பெரியவனாகி 2002-இல் திருப்பீடத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்.

அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டு அரசுகளுக்கு விலக்குரிமை தருகிறது. அதில் சில வாசல்களும் உண்டு. அந்த அரசு வியாபாரம் செய்திருந்தால் வழக்குப் போடலாம். அதன் ஊழியர் பணியின் போக்கில் அமெரிக்க மண்ணில் ஒருவருக்குத் தீங்கு செய்திருந்தாலும் போடலாம். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த இரண்டாவது வாசலைத் திறந்தது. குருவின் செயலுக்கு முதலாளி என்ற முறையில் திருப்பீடம் பதில் சொல்லட்டும் என்றது. ஆனால் அதே தீர்ப்பு இன்னொரு கதவைச் சாத்தியது. தெரிந்தே மாற்றியது, கண்காணிக்காமல் விட்டது, மக்களை எச்சரிக்காதது என்ற குற்றச்சாட்டுகளை விசாரிக்க முடியாதாம். காரணம், அவையெல்லாம் ஓர் அரசு தன் விருப்புரிமையில் எடுக்கும் முடிவுகள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். ஒரு சாமியாரை எந்த ஊருக்கு அனுப்புவது என்பது அரசு முடிவா? போருக்குப் போவது, நாணயம் அடிப்பது, எல்லையை மூடுவது, இவை அரசு முடிவுகள். ஆளை ஊர் மாற்றுவது எந்த முதலாளியும் செய்கிற வேலை. மாறுதல் உத்தரவுகளை எத்தனை பார்த்திருக்கிறேன்!

2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் திருப்பீடத்தின் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. 2012 ஆகஸ்டில் அங்கே நீதிபதி, அந்தக் குருவுக்குத் திருப்பீடம் முதலாளி அல்ல என்று தள்ளுபடி செய்தார். பத்து வருஷம்.

"அவர் கங்காணியின் ஆள்."

ஜூன் 6

"உலகம் முழுக்க நாலு லட்சம் குருக்கள். ஒவ்வொருவருக்கும் பாப்பரசர் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்று ஒரு நண்பர் கோபமாகவே எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஒவ்வொருவரின் ஒவ்வொரு செயலுக்கும் அல்ல. ரோமுக்குத் தெரிந்த பிறகு நடந்ததற்கு, ரோம் சொன்னதால் நடந்ததற்கு.

அதிகாரம் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். திருச்சபைச் சட்டத்தின் 331-ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். உலகத் திருச்சபை முழுவதின் மீதும் உன்னதமான, முழுமையான, நேரடியான அதிகாரம் பாப்பரசருக்கு உண்டு என்கிறது. 2014 மே மாதம் ஜெனீவாவில், சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழுவின் முன் திருப்பீடமே கணக்குச் சொன்னது. 2004 முதல் 2013 வரை சிறார் மீதான குற்றங்களுக்காக 848 பேரின் குருத்துவப் பணி பறிக்கப்பட்டது. 2,572 பேருக்கு அதைவிடக் குறைந்த தண்டனை. வேலையை விட்டு நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் முதலாளி இல்லை என்று நான் எந்தத் தொழிலாளர் நீதிமன்றத்திலும் வாதாடி வென்றதில்லை. யாரும் வென்று பார்த்ததும் இல்லை.

அதே விசாரணையில்தான் இன்னொன்றும் சொன்னார்கள்: உடன்படிக்கையின் கடமை வாடிகன் நகர எல்லைக்குள் மட்டுமே எங்களைக் கட்டும் என்று. குழு அதை ஏற்கவில்லை. ஐ.நா.வில் இடம் கேட்கும்போது உலகத் திருச்சபை, பொறுப்பு என்று வரும்போது 109 ஏக்கர். எனக்கு வலிப்பது இதுதான்.

ஜூன் 9

சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

எனக்குப் பதினொரு வயது. எங்கள் பங்குக் கோயிலில், பூசையில் குருவுக்கு உதவும் பீடச் சிறுவனாக இருந்தேன். என் வகுப்புத் தோழன் ஒருவன் திடீரென்று பூசைக்கு உதவ வருவதை நிறுத்தினான். காரணம் கேட்டால் பேசமாட்டான். ஒரு மாதம் கழித்து அவன் அப்பாவும் கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியாரும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் பஸ் ஏறி ஆயர் (பிஷப்) இல்லத்துக்குப் போனார்கள். பத்து நாளில் பங்குக் குருவான சாமிக்கு மாறுதல் வந்தது.

பிரிவுபசார விழா வைத்தோம். பொன்னாடை, மாலை, அன்பியத்துக்கு ஒரு பரிசு. வாழ்த்து மடலை வாசித்தது நான். உச்சரிப்பு நன்றாக இருக்கும் என்று உபதேசியார் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். என் தோழன் கடைசி வரிசையில் அவன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இரவில் அம்மாவிடம் கேட்டேன். "அதான் சாமிய மாத்திட்டாங்கல்ல. இனி அதப் பேசாத" என்றார்.

அடுத்த ஊருக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்கிற வயது அப்போது எனக்கு இல்லை.

ஜூன் 10

சின்னத் திருத்தம். மேலே "அன்பியத்துக்கு ஒரு பரிசு" என்று எழுதிவிட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் பங்கில் அன்பியம் என்ற அக்கம்பக்கத்து வீடுகளின் குழு அமைப்பே வரவில்லை. தெருவுக்கு ஒரு பரிசு என்று இருக்க வேண்டும். பிற்கால நினைவு கலந்துவிட்டது.

ஜூன் 11

இப்போது எதிர்த்தரப்பு. இதை எழுதாவிட்டால் நான் நேர்மையாக இருந்ததாக ஆகாது.

1978 டிசம்பரில் அர்ஜென்டினாவும் சிலியும் தென்கோடியில் பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காகப் போரின் விளிம்புக்குப் போயின. கப்பல்கள் கடலில் இறங்கிவிட்டன. இரண்டாம் யோவான் பவுல் கர்தினால் சாமோரேயை அனுப்பினார். ஆறு வருஷம் பேசி, 1984 நவம்பரில் வாடிகனிலேயே உடன்படிக்கை கையெழுத்தானது. போர் வரவில்லை. 1978-இல் இரண்டு பக்கமும் ராணுவ ஆட்சி. எந்த நாட்டின் நீதிமன்றமும் இழுக்க முடியாத ஒருவர் என்பதால்தான் இருவரும் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். 1989 கிறிஸ்துமஸ் சமயத்தில் பனாமாவின் நொரியேகா திருப்பீடத் தூதரகத்துக்குள் புகுந்துகொண்டபோது அமெரிக்கப் படை வெளியே ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போட்டதே தவிர, கதவை உடைக்கவில்லை. பத்து நாள் பேசி அவரைச் சரணடைய வைத்ததும் அங்கிருந்த தூதர்தான். நாஜிகள் ரோமைப் பிடித்து வைத்திருந்த மாதங்களில் திருப்பீடத்துக்குச் சொந்தமான கட்டிடங்களில் ஒளிந்து உயிர் பிழைத்தவர்களும் உண்டு.

இதையெல்லாம் இழக்க நான் தயாரா? இல்லை.

அதனால் ஜூன் 1 அன்று எழுதிய "இருக்கக் கூடாது" என்ற ஒற்றை வரிப் பதிலைத் திருத்துகிறேன். தூதுவேலைக்கு இருக்கட்டும். ஆள் நியமிப்பது, ஊர் மாற்றுவது, புகாரைப் பூட்டி வைப்பது, பணம் போடுவது எடுப்பது, இவற்றுக்கு வேண்டாம். நாடுகளுக்கே இப்போது முழு விலக்குரிமை கிடையாது. அமெரிக்க வெளியுறவுத் துறை 1952-இலேயே இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் 1978-இல் சட்டமாக்கியது. அரசாக நின்று செய்ததற்குக் காப்பு, மற்றவர்களைப்போல் செய்ததற்கு இல்லை. திருச்சபைக்கு மட்டும் இந்தக் கோடு மங்கலாக இருக்கிறது. அது செய்கிற எல்லாமே "ஆட்சி" என்று தோற்றமளிக்கிறது.

ஜூன் 14

மேலே நான் போட்ட பிரிவுக் கோட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் எங்கே போட்டது என்று பார்த்தால் எனக்கு நேர் எதிராகப் போட்டிருக்கிறது.

பெல்ஜியத்தில் சிறுவயதில் குருக்களால் பாதிக்கப்பட்ட 24 பேர் திருப்பீடத்தின் மீது வழக்குப் போட்டார்கள். கென்ட் நகர நீதிமன்றங்கள் விலக்குரிமை என்று தள்ளின. நீதிமன்றத்தை அணுகும் எங்கள் உரிமை போய்விட்டது என்று அந்த ஐரோப்பிய நீதிமன்றம் இருக்கிற ஸ்ட்ராஸ்பர்க் போனார்கள். 2021 அக்டோபர் 12 அன்று ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு. திருப்பீடத்துக்கு நாட்டுக்குரிய இயல்புகள் இருக்கின்றன, குற்றம் சாட்டப்பட்ட செயல்கள் அரசுச் செயல்கள், ஆயர்கள் செய்ததை ரோமின் கணக்கில் எழுத முடியாது, ரோம் ஏதும் தவறியிருந்தால் அது பெல்ஜிய மண்ணில் நடக்கவில்லை.

கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெல்ஜியத்தில் நடந்ததற்கு ஆயர் பொறுப்பு, ரோம் அல்ல. ரோமில் நடந்ததற்கு ரோம் பொறுப்பாக இருக்கலாம், ஆனால் பெல்ஜியத்தில் கேட்கக் கூடாது. சரி, ரோமில் போய்க் கேட்கலாம் என்றால் "முதல் ஆசனத்தை (அதாவது பாப்பரசரை) யாரும் தீர்ப்பிட முடியாது" என்பது திருச்சபைச் சட்டத்தின் 1404-ஆவது விதி.

வழக்காடியவர்களில் பெரும்பாலானோர் பெல்ஜியத்தில் அமைத்த நடுவர் மன்றத்தின் வழியாக இழப்பீடு பெற்றிருந்தார்கள் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. உண்மை. பணம் வேறு, பதில் வேறு என்பது என் அனுபவம். என் கட்சிக்காரர் ஒருவர் முழு நிலுவையையும் வாங்கிக்கொண்ட பிறகும், "அவர் என் ஆள்தான் என்று மொதலாளி ஒரு வார்த்தை சொல்லலியே" என்று படி இறங்கும்போது சொன்னார்.

ஜூன் 15

அயர்லாந்தைப் பற்றிக் கேட்டவருக்கு. டப்ளின் மறைமாவட்டத்தை விசாரித்த அரசுக் குழு 2006-இல் ரோமுக்குக் கடிதம் எழுதி ஆவணங்கள் கேட்டது. கடிதம் உரிய தூதரக வழியில் வரவில்லை என்று ரோம் அயர்லாந்து வெளியுறவுத் துறையிடம் சொன்னது. குழுவுக்கு நேரடிப் பதில் வரவில்லை. 2009-இல் வெளியான அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. வழக்கே இல்லாமல், ஒரு கடிதத்துக்குப் பதில் தராமல் இருக்கவும் நாடு என்ற தகுதி போதும்.

ஜூன் 18

"கோயிலுக்கு இல்லாதது" என்று முதல் கேள்வியில் ஒரு சொல் இருந்தது. அதற்கு நான் பதில் சொல்லவே இல்லை.

நம் சட்டத்தில் கோயிலின் தெய்வம் ஒரு சட்ட ஆள். சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம். அதன் மீதும் வழக்குப் போடலாம், இதுதான் முக்கியம். கும்பகோணம் பக்கம் பத்தூர் விசுவநாதர் கோயிலின் நடராசர், 1976-இல் ஒரு கூலித் தொழிலாளி மண்வெட்டியில் தட்டுப்பட்டு வெளியே வந்து, கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். வாங்கியது கனடாவின் ஒரு நிறுவனம். வழக்கு லண்டனில் நடந்தது. இடிந்து கிடந்த அந்தக் கோயிலையே வழக்காடும் தரப்பாக இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991-இல் மேல்முறையீட்டிலும் கோயில் வென்று, நடராசர் ஊர் திரும்பினார்.

பத்தூர்க் கோயிலுக்குத் தூதர் இல்லை, ஐ.நா.வில் இடமில்லை. ஒரு நீதிமன்றத்தின் முன் சாதாரணக் கட்சிக்காரராக நின்றதால் அதன் மரியாதை எங்கே குறைந்தது? என் திருச்சபையும் அப்படி நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஜூன் 20

பண விவகாரம் சுருக்கமாக. 1982-இல் இத்தாலியின் அம்ப்ரோசியானோ வங்கி கவிழ்ந்தது. அந்த விவகாரத்தில் வாடிகன் வங்கியின் தலைவர் பேராயர் மார்சிங்கசுக்குப் பிடியாணை. 1987-இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. லாத்தரன் ஒப்பந்தத்தின் 11-ஆவது பிரிவுப்படி திருச்சபையின் மைய அமைப்புகளில் இத்தாலிய அரசு தலையிட முடியாது என்று. அதற்கு முன்பே, 1984-இல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் 20 கோடி டாலருக்கும் மேல், கவிழ்ந்த வங்கிக்குக் கடன் தந்தவர்களுக்கு வாடிகன் வங்கி கொடுத்திருந்தது.

காலம் மாறாமலும் இல்லை. பாரிசில் இருந்த திருப்பீடத் தூதர் மீது பாலியல் புகார் வந்தபோது 2019-இல் திருப்பீடம் தானாகவே அவருடைய விலக்குரிமையை விட்டுக்கொடுத்தது. 2020 டிசம்பரில் பிரெஞ்சு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அதே 2019-இல் பிரான்சிஸ் பாப்பரசர் இப்படிப்பட்ட வழக்குகளில் இருந்த திருப்பீட ரகசியத்தையும் நீக்கினார். திருப்பீடம் லண்டனில் வாங்கிய கட்டிட விவகாரத்தில் 2024-இல் திருப்பீடத்தின் பேராயர் ஒருவர் லண்டன் நீதிமன்றத்துக்கே வந்து சாட்சிக் கூண்டில் நின்றார். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் இவையெல்லாம் அவர்களாக மனம் வைத்துச் செய்தவை. என் கட்சிக்காரர்கள் யாரும் உப்பளக்காரரின் மனசை நம்பி நீதிமன்றத்துக்கு வந்ததில்லை.

ஜூன் 27, இரவு

நேற்று ஒரு தொலைபேசி. ஜூன் 9 குறிப்பைப் படித்துவிட்டு, என்னைத் தெரிந்த ஒருவர், எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர். எந்த வருஷம் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அந்த வருஷம் ஆகஸ்டுல எங்க ஊருக்கு வந்தாரு அண்ணாச்சி. மேளம் வச்சு எல்லை வரைக்கும் போயி கூட்டிட்டு வந்தோம்."

அப்புறம் வக்கீலிடம் கேட்பதுபோல் கேட்டார்: அப்போது வழக்குப் போட்டிருக்க முடியுமா? முடியும் என்றேன். மாறுதலில் கையெழுத்துப் போட்டது நம் ஆயர். அவருக்கோ நம் மறைமாவட்டத்துக்கோ எந்த விலக்குரிமையும் கிடையாது. மாவட்ட நீதிமன்றத்தில் சாதாரண வழக்காகப் போட்டிருக்கலாம். எங்கள் ஊரில் ஒருவரும் போடவில்லை. என் அப்பாவும் போகவில்லை. நான் வக்கீலான பிறகும் அந்தத் தோழனைத் தேடிப் போய்க் கேட்கவில்லை.

இருபத்தேழு நாளாக ரோமைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிய எதையும் திரும்பப் பெறவில்லை. ஓரிகன்காரரும் அந்த 24 பேரும் வாசல் வரை போய்த் தட்டினார்கள், அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். எங்களுக்குத் திறந்தே கிடந்த வாசலை நாங்கள் தட்டவில்லை.

அவருடைய ஊரில் அப்போது பீடச் சிறுவர்களாக இருந்தவர்களில் யார் யார் இப்போது இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.